கல்லில் தவமிருக்கும் பூனை

துறவுக்கோலம் பூண்டு ஏமாற்றுவோரை ‘உருத்திராட்சப் பூனை’ என்று சுட்டும் வழக்கு இன்றும் தமிழரிடையே உண்டு. அப்பூனைக்குத் தமிழ் மண்ணில் கிடைத்த சிறந்த சித்திரம் தாளில் அமையவில்லை, கல்லில் அமைந்தது.

மாமல்லபுரத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளப் பாறையில், 7ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய பெருந்தொகுதியை அருச்சுனன் தவம் என்பர் ஒருசாரார். பகீரதன் தவம் என்பர் மறுசாரார். நடுவிலுள்ள பிளவு கங்கையாறு. அதன் ஒரு கரையில், கைகளை உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கிறார் எலும்பும் தோலுமான தவசி. மறுகரையில், பெரிய யானையின் காலடியில், பின்கால்களை ஊன்றி முன்கால்களை உயர்த்தி நிற்கிறது ஒரு பூனை. அதைச் சுற்றிலும் எலிகள்.

இக்கதை இருவகையாக வழங்குகிறது. பஞ்சதந்திரத்தில் முயலும் பறவையும் தம் வளை வழக்கைப் பூனையிடம் கொண்டு சென்று மடிகின்றன. பாரதத்தின் உத்தியோக பருவத்தில் ஏமாறுவன எலிகள்; பூனை தவம் செய்யும் இடம் கங்கைக் கரை. தருமனின் அறம் போலி என்று பழிக்கவே துரியோதனன் அக்கதையைச் சொல்லி அனுப்புகிறான். சிற்பி கொண்டது பாரதக் கதையே என்பதற்கு எலிகளும் ஆறுமே சான்று.

புனித நீரின் முன் பகை மறந்த விலங்குகளே இவை என்று கொள்வாரும் உளர். பகை மறந்த பூனைக்குக் கையுயர்த்தி நிற்க வேண்டிய தேவை என்ன? எதிர்க்கரைத் தவசியின் நிலையை அது அப்படியே நடிப்பதில்தான் சிற்பியின் குறும்பு இருக்கிறது. அரசன் எடுப்பித்த பெரும்பணியில், மெய்த்தவத்தின் எதிரிலேயே பொய்த்தவத்தையும் வைத்த துணிவு சிறிதன்று.

பஞ்சதந்திரப் பூனை கடல் கடந்தும் சென்றது. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா ஆக்கிய அரபு நூலில் அது நோன்பு நோற்றது. 1678இல் லா ஃபொந்தேன் வெளியிட்ட பிரெஞ்சுக் கதைத் தொகுதியில் பக்திமிக்க நீதிபதியாயிற்று. 1838இல் அக்கதைகளுக்குப் படம் வரைந்த கிரான்வில், விலங்குகளுக்கு மனித உடைகளை அணிவித்தார். சென்னைக் கல்விச் சங்கத்துத் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர உரைநடை வெளிவந்தது 1826இல்.

உடை உடுத்தியதும் வஞ்சகம் வெளிப்பட்டுவிடுகிறது; காண்பவர் ஏமாற வழியில்லை. பல்லவச் சிற்பியின் பூனைக்கோ உருத்திராட்சமும் இல்லை, காவியும் இல்லை. நிற்கும் நிலை ஒன்றே வேடம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில், கூடைகளுக்கருகே உலகை வெறுத்ததுபோல் கண்மூடி அமர்ந்திருக்கும் பூனையைக் கண்டவர்க்கு, சிற்பி அதை எங்கே கற்றான் என்பது விளங்கும்.

பாரதக் கதையில் எலிகளின் எண்ணிக்கை நாளும் குறைகிறது; பூனை கொழுக்கிறது. பாறையில் இன்னும் ஓர் எலியும் இறக்கவில்லை.