ஒன்பதரை மில்லிமீட்டரில் நெப்போலியன்

திரைப்பட வரலாறு பெரும்பாலும் நிறுவனக் காப்பகங்களைக் கொண்டே எழுதப்படுகிறது. வீடுகளில் கிடந்த சுருள்களுக்கு அதில் இடம் அரிது. ஏட்டுச்சுவடி ஆய்வில் சிதைந்த படிக்கும் மதிப்புண்டு. திரைப்பட ஆய்வு அந்தப் பாடத்தை இன்னும் முழுமையாகக் கற்கவில்லை.

1922-இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் 'பாத்தே பேபி' என்னும் வீட்டு புரொஜெக்டரை வெளியிட்டது. அதன் சுருள் 9.5 மி.மீ. அகலமே. துளைகள் ஓரத்தில் இல்லாமல் பிம்பங்களுக்கு இடையே நடுவில் அமைந்ததால், ஏறத்தாழ முழு அகலமும் படத்துக்கே கிடைத்தது. திரையரங்குச் சுருளின் நைட்ரேட் எளிதில் தீப்பற்றக்கூடியது. இதுவோ வீட்டுக்கு ஏற்ற அசிட்டேட். நெடும்படங்கள் சில சுருள்களாகக் குறுக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. கலைநோக்கில் அது சிதைப்புதான்.

ஆபெல் கான்ஸ் 1927-இல் வெளியிட்ட 'நெப்போலியன்' திரையரங்கிலும் அதே கதிக்கு ஆளானது. மூன்று திரைகளில் விரியும் அதன் இறுதிப் பகுதியைக் காட்டப் பெரும்பாலான அரங்குகளில் வசதியில்லை. விநியோகத்தர்கள் வெட்டித் தள்ளினர். பேசும்படம் வந்ததும் படமே ஒதுக்கப்பட்டது.

1954-இல் கெவின் பிரௌன்லோ என்ற ஆங்கிலேயப் பள்ளி மாணவரின் கைக்கு அப்படத்தின் இரண்டு 9.5 மி.மீ. சுருள்கள் வந்தன. எஞ்சியவற்றைத் தேடத் தொடங்கியவர் பல்லாண்டுகள் தேடினார். அவரது மீட்டுருவாக்கம் 1979-இல் அமெரிக்காவின் டெல்லுரைடு விழாவில் திரையிடப்பட்டபோது கான்ஸுக்கு வயது 89. மறு ஆண்டு கார்ல் டேவிஸின் இசையுடன் லண்டனில் திரையிடப்பட்டபோது நீளம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 1981-இல் கான்ஸ் மறைந்தார். 2000-இல் லண்டன் கண்ட வடிவம் ஐந்தரை மணி நேரமாக வளர்ந்திருந்தது.