பார்வையை இழந்த படையினர் சிகிச்சையாளர்கள் ஆன வரலாறு

போரில் காயப்பட்டவரை நாம் பெரும்பாலும் சிகிச்சை பெறுபவராகவே பார்க்கின்றோம். அவரே சிகிச்சை அளிப்பவராகவும் மாறலாம் என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்னர் லண்டனில் ஒரு நிறுவனம் செய்து காட்டியது. அதன் பெயர் சென். டன்ஸ்டன்ஸ். முதலாம் உலகப் போரில் கண்பார்வையை இழந்த பிரித்தானியப் படையினர் சிலர் அங்கு மசாஜ் சிகிச்சை பயின்று வைத்தியசாலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். இன்றைய இயன்மருத்துவம் அந்தத் தொழிலில் இருந்தே வளர்ந்தது.

நிறுவனத்தைத் தொடங்கியவர் ஆர்தர் பியர்சன். 1900 இல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையை ஆரம்பித்த இவர், பின்னர் குளுக்கோமா நோயினால் பார்வையை இழந்தார். 1915 இல் ரீஜென்ட்ஸ் பார்க்கில் இரவலாகக் கிடைத்த பெரிய வீடொன்றில் பயிற்சி நிலையத்தை அமைத்தார். பார்வையற்றவருக்குத் தேவை பரிதாபம் அல்ல, தொழில் என்பது அவரது நிலைப்பாடு. முட்களைத் தடவி நேரம் அறியக்கூடிய கடிகாரம் ஒன்று படையினருக்கு முதலில் வழங்கப்பட்டது.

அங்கு பிரெய்ல் எழுத்தும் தட்டச்சும் கற்பிக்கப்பட்டன. கூடை பின்னுதல், சப்பாத்துத் திருத்துதல், தச்சுவேலை, கோழி வளர்ப்பு, தொலைபேசி இயக்குதல், மசாஜ் ஆகியன தொழில்களாக இருந்தன. படகு வலித்தல், நீச்சல் போன்றவையும் பயிற்சியின் பகுதியாகின. உடல் தெம்பு திரும்பினால்தான் தன்னம்பிக்கையும் திரும்பும் என்று கருதப்பட்டது.

இவற்றுள் மசாஜ் கடினமான படிப்பு. எலும்புகள், தசைகள், நரம்புகள் எங்கே எப்படி அமைந்துள்ளன என்பதைப் பார்க்காமலே மனதில் பதிக்க வேண்டும். எலும்புகளைக் கைகளால் தடவியும் பிரெய்ல் நூல்களை வாசித்தும் படித்தார்கள். அவர்களுக்கென இலகுவான பரீட்சை வைக்கப்படவில்லை. பார்வையுள்ளவர்கள் தோற்றிய அதே தொழில்முறைப் பரீட்சைக்கே அவர்களும் தோற்றினர். அதனால் அவர்களது தகுதியைக் குறைத்து மதிப்பிட இடமிருக்கவில்லை.

தசை எங்கே இறுகியிருக்கிறது, வீக்கம் எங்கே இருக்கிறது என்பதை விரல்களே கண்டறியும் தொழில் இது. போர்க்காலத்தில் இவர்கள் இராணுவ வைத்தியசாலைகளிலும் பணியாற்றினர். காயத்தால் விறைத்துப்போன மூட்டுகளையும் மெலிந்த தசைகளையும் மீண்டும் இயங்கச் செய்வதே அங்கு வேலை. காயப்பட்ட ஒருவரை இன்னொரு காயப்பட்டவர் தேற்றினார்.

இந்தத் துறையும் அக்காலத்திலேயே உருப்பெற்றது. 1894 இல் நான்கு தாதியர் பிரித்தானியாவில் தொடங்கிய மசாஜ் சங்கம் 1920 இல் அரச சாசனம் பெற்றது. 1944 இல் இயன்மருத்துவச் சங்கம் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. பார்வையற்ற சிகிச்சையாளர்களும் இத்துறையில் தொடர்ந்து பணியாற்றினர்.

எல்லோராலும் இந்தப் படிப்பை முடிக்க முடியாது. கண்ணோடு கையையும் இழந்தவர்களுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. ஆயினும் எந்தத் தொழிலுக்குச் சென்றவரையும் நிறுவனம் பயிற்சியோடு கைவிடவில்லை. பின்பராமரிப்புப் பிரிவு தொடர்ந்து உதவியது. 1921 இல் பியர்சன் இறந்த பின்னர் தலைமையை ஏற்றவர் இயன் பிரேசர். 1916 இல் சொம் போர்முனையில் 18 வயதில் பார்வையை இழந்து, அங்கேயே பயிற்சி பெற்றவர் அவர். 1974 வரை நிறுவனத்தை வழிநடத்தினார்.

எங்கள் மண்ணிலும் போரில் கண்ணையும் கால்களையும் இழந்தவர்கள் வாழ்கின்றனர். கோழிக்கூடு, தையல் இயந்திரம், சிறுகடை என ஒருமுறை கிடைக்கும் உதவி அவசியம்தான். ஆனால் சென். டன்ஸ்டன்ஸ் அதற்கும் அப்பால் சென்றது: விரும்பிய தொழில், மற்றவர்களுக்குச் சமமான தகுதிச் சான்று, வேலை கிடைத்த பிறகும் தொடர்ந்த துணை. இந்த மூன்றையும் எங்கள் மாகாண சபைகளிடமும் உதவி நிறுவனங்களிடமும் புலம்பெயர் அமைப்புகளிடமும் நாம் கேட்கலாம்.