முதியோர் மென்பயிற்சி: பெங்களூரு

அறுபது வயதைக் கடந்தவர்கள் மூட்டுக்கும் இதயத்துக்கும் கேடு வராத அளவில் செய்யும் நடை, தசைவலு, சமநிலை, நெகிழ்வு, மூச்சுப் பயிற்சிகளை முதியோர் மென்பயிற்சி என்கிறோம். இதற்குப் பெங்களூரு அளவுக்கு வாய்த்த பெருநகரம் இந்தியாவில் அரிது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சென்னையில் காலை ஏழு மணிக்கே வியர்த்துக் கொட்டும் மாதங்களிலும் இங்கே வசதியாக நடக்கலாம். பூங்காக்களும் ஏரிக்கரைகளும் யோகப் பள்ளிகளும் முதுமையை ஆராயும் மருத்துவ நிறுவனங்களும் ஒரே ஊரில் இருக்கின்றன. இருந்தும் இவ்வூர் முதியவர்களில் பலர் பயிற்சி என்றால் நடை மட்டும்தான் என்று நினைத்து அதோடு நின்றுவிடுகிறார்கள். நடை நல்லது, ஆனால் கீழே விழாமல் காப்பதற்கு அது மட்டும் போதாது.

நடக்கும் இடங்கள்

ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக் 240 ஏக்கர் பரப்புள்ளது. காலை நடைக்கு வருவோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. விடிந்தும் விடியாத நேரத்திலேயே சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்ட பாட்டிமார்களும், மஃப்ளர் சுற்றிய தாத்தாக்களும் கன்னடம், தமிழ், தெலுங்கு கலந்து பேசியபடி சுற்றி வருவார்கள். உள்ளே இருக்கும் பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழையது; அதன்மேல் கெம்பேகவுடா கோபுரம் இருக்கிறது. பாறையின் சரிவு ஏறும்போது இதயத்துக்கு நல்ல வேலை, இறங்கும்போது முழங்காலுக்குச் சோதனை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் மழை பெய்த மறுநாள் பாறையை விட்டுவிட்டு ஏரியோரப் பாதையில் நடப்பதே சரி.

1870-இல் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி காலத்தில் உருவான கப்பன் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் புகையும் ஹாரனும் இல்லாமல் நடக்க முடிகிறது. அதே சாங்கியின் பெயர் தாங்கிய ஏரி, மல்லேஸ்வரத்துக்காரர்களின் நடைபாதை. தமிழர்கள் நிறைந்த அல்சூரில் ஏரியைச் சுற்றி நடப்பவர்கள் 2009-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை அறிவார்கள். பேட்டைதோறும் இருக்கும் சிறு பூங்காக்களில் யோகா வகுப்புகளும் சிரிப்பு மன்றங்களும் நடக்கின்றன. மருத்துவர் மதன் கட்டாரியா 1995-இல் மும்பைப் பூங்கா ஒன்றில் ஐந்து பேருடன் தொடங்கிய முறைதான் சிரிப்பு மன்றம். சிரிப்பால் தசை வலுப்பெறுவதில்லை. ஆனால் தனியாக இருக்கும் ஒருவரை வாரத்தில் ஆறு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவைப்பது சிறிய காரியமல்ல.

பூங்கா வரை போய்ச் சேருவதுதான் பாடு. வடிகால்மேல் போட்ட கல்பலகைகள் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் கிடக்கும் நடைபாதை, முதியவர்களை வீட்டுக்குள்ளேயே முடக்கிவிடுகிறது. நகர மையத்தில் ரெசிடென்சி சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை போன்ற இடங்களில் டெண்டர்ஷ்யூர் என்ற சாலைச் சீரமைப்புத் திட்டத்தில் போட்ட அகலமான சமதள நடைபாதை, வேண்டுமென்று நினைத்தால் செய்யமுடியும் என்பதற்குச் சான்று.

நடை ஏன் போதாது

ஐம்பது வயதுக்குமேல் தசையின் அளவு ஆண்டுதோறும் குறைகிறது. தசையின் வலுவோ அதைவிட வேகமாகக் குறைகிறது. முதலில் போவது தொடை, பிட்டத் தசைகளின் வலு. அதோடு கண்பார்வை, உள்காதின் சமநிலை உணர்வு, பாதத்தின் தொடுவுணர்வு ஆகிய மூன்றும் மங்குகின்றன. நீரிழிவு இருந்தால் பாதம் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். தடுக்கிய கால் சட்டென்று முன்னே வந்து ஊன்ற வேண்டிய அந்த அரை நொடியில் வலு இல்லாமல்தான் ஆள் விழுகிறார். உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; அவர்களில் முதியோரே அதிகம்.

2019-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 25 நாடுகளில் 23,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 108 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி, விழும் நிகழ்வுகளை 23 சதவீதம் குறைத்தது. சமநிலைப் பயிற்சியும் தசைவலுப் பயிற்சியும் சேர்ந்தால் குறைவு சுமார் 34 சதவீதம். நடை மட்டும் விழுதலைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலை, வலுப் பயிற்சிகள் செய்யவேண்டும் என்று தனியாகச் சொல்வது இதனால்தான்.

நாற்காலியும் சமையல் மேடையும்

இந்தச் சமநிலை, வலுப் பயிற்சிகளுக்கு ஜிம் வேண்டாம். ஒரு நாற்காலி போதும், ஆனால் அது கனமான மர நாற்காலியாக இருக்கவேண்டும். மொசைக் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். நாற்காலியின் முதுகுப்பக்கத்தைச் சுவரில் முட்டக் கொடுத்து, இருக்கையின் முன்பாதியில் உட்கார வேண்டும். பாதங்கள் தோள் அகலத்துக்கு விலகி, குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை உடம்பை முன்னே சாய்த்து, மூச்சை விட்டபடி எழவேண்டும். எழுந்த பிறகு ஒரு கணம் நேராக நின்று, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெல்ல உட்கார வேண்டும். பொத்தென்று விழுந்து உட்கார்ந்தால் பாதிப் பயன் போய்விடும், ஏனென்றால் தொடைத் தசை அதிகம் கற்றுக்கொள்வது இறங்கும்போதுதான். முதல் வாரங்களில் கைப்பிடியை ஊன்றி எழலாம். ஐந்து முறை சிரமமில்லாமல் வந்தபின் பத்தாக்கலாம், பிறகு கையை விட்டுவிடலாம்.

இதுவே ஒரு சோதனையும்கூட. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழமுடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் தரும் அளவுப்படி, 65 முதல் 69 வயதுக்குள் இருக்கும் ஆண் 12-க்கும் பெண் 11-க்கும் கீழே நின்றால் விழும் ஆபத்து கூடுதல். 80 முதல் 84 வயதுக்கு இந்த வரம்பு 10, 9. கீழே உட்கார்ந்து சாப்பிட்டு, கையூன்றி எழுந்து பழகிய தலைமுறைக்கு இந்த உழைப்பு நாள்தோறும் தானாகக் கிடைத்தது. சாப்பாட்டு மேசையும் மேல்நாட்டுக் கழிப்பறையும் வலியைக் குறைத்தன, அந்த உழைப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டன.

அடுத்தது சமையல் மேடை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்திப் பெருவிரல் மேட்டில் நின்று இறங்குவது கெண்டைக்கால் தசைக்கு. ஒரு பாதத்தின் குதிகாலைத் தொட்டபடி மறுபாதத்தின் விரல்கள் இருக்கும்படி, ஒரே கோட்டில் பத்து நொடி நிற்பது சமநிலைக்கு. அது கைவந்தபின் ஒற்றைக்கால் நிற்றல். முதலில் இரு கை, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல் என்று பிடியைக் குறைத்துக்கொண்டே வரலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டமும் இதே வழியில்தான் அமைந்தது. எண்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் முதலில் சோதிக்கப்பட்ட திட்டம் அது. தொடங்கும் வயது கடந்துவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை.

யோகம்

முதியோர் பயிற்சிக்குப் பெங்களூருவின் தனிப் பங்களிப்பு யோகத் துறையில்தான். விவேகானந்தா யோக ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மஞ்சுநாத், ஷெர்லி டெலஸ் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லவாசிகள் 69 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஆறு மாதம் யோகம் செய்த பிரிவினர் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள், சுமார் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். ஓசூர் சாலையில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், முதியோர் இல்லங்களில் 120 பேரை வைத்துச் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்விலும் தூக்கமும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. மூளையின் நினைவுப் பகுதி பெருத்தது என்று அதே ஆண்டு வந்த நிம்ஹான்ஸ் ஆய்வு வெறும் ஏழு பேரை வைத்து நடந்தது. அதை நம்பிக்கை தரும் தொடக்கமாக மட்டுமே கொள்ளவேண்டும்.

நாற்காலி, கயிறு, மரக்கட்டை ஆகியவற்றைத் துணையாக்கி, உடல் இயலாதவர்களுக்கும் ஆசனத்தைக் கொண்டுசேர்த்த பி.கே.எஸ். ஐயங்கார், கோலார் மாவட்டத்துப் பெள்ளூரில் 1918-இல் பிறந்தவர். சிறுவயதில் காசநோயும் மலேரியாவும் வாட்டிய உடம்பு அவருடையது. 95 வயதுவரை வாழ்ந்தார்.

கவனிக்க வேண்டியவை

எலும்புப்புரை உள்ளவர்கள் முதுகை வளைத்துக் குனிந்து விரலைத் தொடுவதும் முதுகைப் பலமாகத் திருகுவதும் கூடாது. முதுகெலும்பு நொறுங்க வழி உண்டு. கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனம் ஆகாது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி முக்கக்கூடாது. இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நடை போகாமல், சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் ரத்த அழுத்தம் ஏறும் என்பதால் வெயில் வந்தபின் கிளம்புவது நல்லது. படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்த பிறகே நடக்கவேண்டும். ஹவாய் செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் ஷூ வேண்டும். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது: நடைவேகத்துக்கு இதுவே அளவுகோல். நெஞ்சில் அழுத்தம், தாடை அல்லது கைவலி, தலைசுற்றல் வந்தால் அப்போதே நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்கவேண்டும்.

பூங்காக்களில் வைத்துள்ள திறந்தவெளிக் கருவிகளில், கால்பலகை ஊசலாடும் வகை முதியவருக்கு உகந்ததல்ல. ஏறும்போதும் இறங்கும்போதும் பலகை நகரும். விழுவதைத் தடுக்க வந்த இடத்திலேயே விழ நேரும். இக்கருவிகளுக்குச் செலவிடும் பணத்தில் கைப்பிடி வைத்த பெஞ்சுகளையும் இடுப்புயரக் கம்பிகளையும் அமைத்தால் நாற்காலிப் பயிற்சியையும் ஒற்றைக்கால் நிற்றலையும் பூங்காவிலேயே செய்யலாம். மாநகராட்சிப் பொறியாளர்களும் பேட்டைக் குடியிருப்போர் சங்கங்களும் அடுத்த முறை பூங்காவுக்குப் பணம் ஒதுக்கும்போது, முதலில் கேட்டு வாங்கவேண்டியவை இந்த இரண்டும்தான்.