தீயில் குளிரும் பெட்டி: ஓடும் வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் வந்த கதை

நம்ம ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. அமெரிக்காவில் ஆர்.வி. என்று சொல்வது அதற்கு அண்ணன் முறை. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஓய்வுபெற்ற தம்பதிகள் மாதக்கணக்கில் அதிலேயே ஊர் சுற்றுவார்கள். இந்த வண்டிக்காரர்களை ரொம்ப காலமாக உறுத்தி வந்த கேள்வி ஒன்று உண்டு: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபிரிட்ஜ் எதில் ஓடும்?

கேட்டால் சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் பால், இறைச்சி, இன்சுலின் மூன்றும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். இந்தக் கேள்விக்குக் காலம்தோறும் கிடைத்த பதில்களை வரிசையாக வைத்தால், மின்சாரம் எந்த இடத்துக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்ற வரலாறும் கூடவே கிடைக்கிறது.

முதல் பதில் ஐஸ் கட்டி. 1920கள், 30களில் காருக்குப் பின்னால் இழுத்துப் போன டிரெய்லர்களில் இருந்தது வெறும் ஐஸ் பெட்டி. ஐஸ் ஒரு அறையில், சாமான் இன்னொன்றில், உருகிய தண்ணீர் வெளியே போக ஒரு குழாய். இதை லேசாக நினைக்க வேண்டாம். 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அப்படின்னா 11 கிலோ கட்டி ஒன்று முழுசாக உருகுவதற்குள் ஏறக்குறைய 1 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி ஓடினாலும் நின்றாலும் அதற்கு ஒன்றுதான். சத்தமில்லை, தீப்பிடிக்கும் பயமில்லை. ஆனால் போகிற ஊரிலெல்லாம் ஐஸ் வாங்கியாக வேண்டும். வீடுகளுக்கு மின்சார ஃபிரிட்ஜ் வர வர ஐஸ் வியாபாரமும் படுத்துவிட்டது.

இரண்டாவது பதில் ஸ்வீடனிலிருந்து வந்தது. 1922ல் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் இருவர், பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ், வெப்பத்தைக் கொடுத்தால் குளிரும் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கி 1925ல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

தீயை வைத்தால் எப்படிக் குளிரும்? பெட்டியின் பின்னால் மூடி அடைத்த குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் இருக்கின்றன. அம்மோனியா கரைந்த தண்ணீரைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகப் பிரியும். மேலே போய் ஆறித் திரவமாகும். அந்தத் திரவம் ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்கும்போது மறுபடி ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறகு தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ள, சுற்று முதலிலிருந்து தொடங்குகிறது. மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது, நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. புவியீர்ப்பும் சூடும்தான் எல்லாவற்றையும் நகர்த்துகின்றன.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து எவான்ஸ்வில்லில் சர்வெல் நிறுவனம் இதைச் செய்து விற்றது. 1930களின் நடுவில் அந்த நாட்டின் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. மற்றவர்களில் ஃபிரிட்ஜ் வேண்டுமென்று நினைத்தவர்களுக்கு காஸ் அல்லது மண்ணெண்ணெய்ப் பெட்டிதான் வழி. 1935ல் கிராம மின்மயத் திட்டம் தொடங்கியது. இருபது வருஷத்தில் பெரும்பாலான பண்ணைகளுக்குக் கம்பி போய்விட்டது. 1950களின் முடிவில் சர்வெல்லின் ஃபிரிட்ஜ் தொழிலும் முடிந்தது. சமையலறையில் இடம் போன இந்தப் பெட்டி, கம்பி போகாத இடங்களைத் தேடிப் போனது. உலக சுகாதார நிறுவனம் 1974ல் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தில், மின்சாரமில்லாத சுகாதார நிலையங்களில் மருந்தைக் காத்தவை இந்த வகைப் பெட்டிகள். கம்பி போக முடியாத இன்னொரு இடம், ஓடும் வண்டி.

வண்டிக்குள்தான் பேட்டரி இருக்கிறதே, அதில் ஓட்டக் கூடாதா என்று கேட்கலாம். அமெரிக்க கார்கள் 1950களின் நடுவரை பெரும்பாலும் 6 வோல்ட்டில் ஓடியவை. டைனமோ என்ஜின் மெதுவாக ஓடும்போது சரியாக மின்சாரம் தராது. பிறகு 12 வோல்ட் வந்தது. 1960ல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அதற்கப்புறம்தான் ஓடும் வண்டியில் ஃபிரிட்ஜுக்குக் கொடுக்கிற அளவுக்கு மின்சாரம் மிஞ்சியது. பிற்பாடு வந்த ‘மூன்று வழி’ ஃபிரிட்ஜ் இந்த ஏற்பாட்டுக்கென்றே செய்தது. முகாமில் கம்பி இருந்தால் வீட்டு மின்சாரம், காட்டில் நின்றால் காஸ், ஓடும்போது 12 வோல்ட்.

இங்கேதான் சிக்கல். இந்தப் பெட்டிக்குப் போடுகிற வெப்பத்தில் சிறு பங்குதான் குளிராகத் திரும்பும். 12 வோல்ட்டில் 150 வாட் ஹீட்டர் என்றால் 12.5 ஆம்பியர், அதுவும் ஏறக்குறைய நிற்காமல். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது பாதி, 50. கணக்குப் போட்டால் 4 மணி நேரம். என்ஜினை நிறுத்தி மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, கொஞ்சம் தூங்கி எழுந்தால் பேட்டரி காலி. என்ஜின் நின்றதும் ஃபிரிட்ஜைத் துண்டிக்கும் ரிலே வந்ததே இதனால்தான். மாறாக 1 கிலோ புரொப்பேனில் ஏறக்குறைய 13 யூனிட் வெப்பம் இருக்கிறது. பர்னர் நாள்கணக்கில் எரியும். அதனால் நிறையப் பேர் வண்டி ஓடும்போதும் காஸிலேயே விட்டுவிட்டார்கள்.

அதாவது நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வீட்டுக்குள் ஒரு தீ எரிந்துகொண்டே இருக்கும். மோதினால் காஸ் குழாய் முறியலாம். பெட்ரோல் பங்கில் நிறுத்தும்போது அணைக்க மறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் புரொப்பேன் சிலிண்டர் வைத்த ஆர்.வி.களுக்குத் தடையே உண்டு. விபத்தின் அதிர்ச்சியை உணர்ந்து காஸைத் தானே அடைக்கும் ரெகுலேட்டர்கள் பிறகு வந்தன. ஆனாலும் ஆபத்து சிலிண்டரில் மட்டும் இல்லை. எலக்ட்ரோலக்ஸிலிருந்து 2001ல் பிரிந்த டொமெட்டிக் நிறுவனம், 1997 முதல் 2003 வரை செய்த 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைச் சரிசெய்ய 2006ல் திரும்ப அழைத்தது. சூடாகும் குழாயில் விரிசல் விழுந்து, உள்ளே இருப்பது கசிந்து தீப்பற்றலாம் என்பது காரணம்.

மூன்றாவது பதில், நம் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிற அதே கம்ப்ரஸர்தான். ஆனால் 12 வோல்ட்டில் ஓடுவது. டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனத்தின் சிறிய கம்ப்ரஸர்கள் இதற்குப் பேர்போனவை. படகுகளிலும் லாரிகளிலும் நிறையப் பயன்பட்டன. சுமார் 50 வாட் இழுக்கும், பாதி நேரம் ஓய்விலேயே இருக்கும். சராசரி 2 ஆம்பியர் என்று வைத்தால், அதே ஈய பேட்டரி 4 மணிக்குப் பதிலாக 25 மணி நேரம் தாங்கும். உறிஞ்சும் வகைப் பெட்டியைப் போல வண்டியைச் சமதரையில் பார்த்து நிறுத்த வேண்டியதும் இல்லை.

மிச்சமிருந்த தடை பேட்டரியின் எடை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதையும் தீர்த்தது. அதே 100 ஆம்பியர்-மணிக்கு எடை ஈயத்தின் பாதிக்கும் குறைவு, சேமித்ததில் பெரும்பகுதியை எடுத்தும் பயன்படுத்தலாம். கூரையில் ஒரு சோலார் தகடும் சேர்ந்தால், காஸ் இல்லாமலே ஃபிரிட்ஜ் ஓடும்.

இந்தப் பொருளைப் பேட்டரிக்கு உகந்ததாக 1997ல் அறிவித்தது டெக்சாஸில் ஜான் குட்எனஃப் நடத்திய ஆய்வுக்கூடம். அதற்கு வழிகாட்டியது 1980களில் அவரும் ஆறுமுகம் மந்திரமும் இரும்பு சல்ஃபேட்டை வைத்துச் செய்த ஆராய்ச்சி. மந்திரம் தெற்குத் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2019ல் குட்எனஃப் 97 வயதில் நோபல் பரிசு பெற்றபோது, அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவரும் மந்திரம்தான். அந்த மேடையும் ஸ்டாக்ஹோமில்தான் இருந்தது. பிளாட்டனும் முன்டர்ஸும் தீயில் குளிரும் பெட்டியைச் செய்த ஊர்.

இப்போது வரும் ஆர்.வி.களில் நிறையவற்றில் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ்தான். பழைய பெட்டி அடியோடு ஒழிந்துவிடவில்லை. மேகம் மூடிய காட்டில் வாரக்கணக்கில் நிற்பவர்களுக்கு இன்றும் அந்தச் சின்ன நீலச் சுடர்தான் துணை. சாலையில் ஏறும்போது மட்டும் அதை அணைத்துவிட்டுப் போவது நல்லது.