நிழலும் நோயும்

1895 இல் றொன்ற்கன் கண்டறிந்த எக்ஸ்கதிர் எலும்பைக் காட்டிற்று. வயிற்றறையின் மென்மையான உறுப்புகளைப் பிரித்துக் காட்ட அதனால் இயலவில்லை. சிறுமியரின் சூலகத்தில் தோன்றும் கட்டிகளுட் பெரும்பாலானவை மூலவுயிர்க்கலங்களிலிருந்து எழுவன. அவற்றுள் டெரற்றோமா எனப்படும் வகையிற் சிலவேளை பல்லும் எலும்பும் உருவாகும். அத்தகையனவே பழைய படங்களில் தம்மைத் தெளிவாக இனங்காட்டின. ஏனையவை வெறும் நிழல்களாகவே நின்றன.

மாற்றம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1955 இல் கிளாஸ்கோப் பேராசிரியர் இயன் டொனால்ட், கொதிகலத் தொழிற்சாலையொன்றில் உலோகத்தின் வெடிப்புகளைக் கண்டறியப் பயன்பட்ட கழியொலிக் கருவியைக் கொண்டு, அறுவையில் அகற்றப்பட்ட கட்டிகளைச் சோதித்தார். பின்னர், இரைப்பைப் புற்று முற்றிவிட்டதெனக் கைவிடப்பட்ட பெண்ணொருத்தியின் வயிற்றில் அவ்வொலியைச் செலுத்தியபோது, அங்கிருந்தது பெரியதொரு சூலக நீர்க்கட்டி எனப் புலனாயிற்று. அது அகற்றப்பட்டது, அவள் பிழைத்தாள். 1958 இல் 'லான்செற்' இதழில் வெளியான கட்டுரை இதனை உலகறியச் செய்தது.

அவள் சிறுமியல்லள். ஆயினும் கதிர்வீச்சற்ற இம்முறையின் பெரும்பயன் சிறாரையே சார்ந்தது. கட்டியின் பாரத்தாற் சூலகம் முறுக்குண்டு குருதியோட்டம் தடைப்படும் வேளையில், குடல்வால் அழற்சியென மயங்கத்தக்க அந்நோவின் காரணத்தைக் கழியொலியே முதலிற் காட்டுகின்றது. குருதியோட்டம் தென்படுவதால் மாத்திரம் முறுக்கில்லையெனத் துணிதல் தவறு என்பதும் அனுபவத்தாற் பெற்ற பாடமே.

1971 இல் ஹவுன்ஸ்பீல்டின் கணினிவழி வெட்டுமுகப் படம் வந்தது. அதே பத்தாண்டில் சிஸ்பிளாற்றின் முதலிய மருந்துகள் இக்கட்டிகளை அடக்கத் தொடங்கின. அப்போதுதான் விசித்திரமான சிக்கலொன்று தோன்றிற்று. மருந்தேற்றியபின் குருதியில் அல்பா பீற்றோ புரதம் இயல்புநிலைக்கு இறங்கும். படத்திலோ கட்டி பெருத்துக்கொண்டே போகும். மருந்து தோற்றதென எண்ணுவது இயல்பு. ஆனால் அகற்றி ஆராய்ந்தால் அங்கே எஞ்சியிருப்பது தீங்கற்ற முதிர்ந்த இழையம். சூலகக் கட்டிகளில் இம்மாற்றத்தை டிசாயா முதலியோர் 1977 இல் எடுத்துரைத்தனர். விதைக் கட்டி நோயாளரை ஆராய்ந்த லொகொதெற்றிஸ் குழுவினர் 1982 இல் இதற்கு 'வளரும் டெரற்றோமா' எனப் பெயரிட்டனர். மருந்துக்குப் பணியாத அவ்விழையம் அயலுறுப்புகளை நெரிக்கக்கூடும். அறுவையே அதற்குப் பரிகாரம்.

இத்தகைய சிறுமியரைப் பல்லாண்டு கண்காணிக்க வேண்டியிருத்தலால், வளரும் உடலிற் கதிர்வீச்சைச் சேர்க்காத கழியொலியும் காந்தப் பரிவுப் படமும் இயன்றவிடத்தெல்லாம் இன்று விரும்பப்படுகின்றன.