மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தம்பதியர்

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தொடக்கத்தில் பெரும்பாலும் தனித்த ஆண்களே சென்றனர் என்றாலும், 1907இல் பயணச் செலவுக்கெனக் குடியேற்ற நிதியம் தோன்றி, 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தபின், சொந்த ஊரில் ஆள் சேர்க்கும் மேற்பார்வையாளராகிய கங்காணியின் வழியே கணவனும் மனைவியுமாகக் கப்பலேறும் வழக்கம் வலுத்தது. குடும்பத்தோடு வருபவர் தோட்டத்தை விட்டு எளிதில் விலகார் என்ற கணக்கே தோட்ட நிர்வாகிகளாகிய துரைமாரை இதற்கு இசைய வைத்தது. அதைக் கருணையெனக் கொள்வதற்கில்லை.

நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களுக்கு லயம் எனப்பட்ட தொடர்வீட்டில் ஓர் அறை கிடைத்தது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் இருவரும் நின்று, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, ரப்பர்ப் பாலெடுக்க மரம் சீவவும் களையெடுக்கவும் சென்றனர். வீட்டுவேலை முழுவதையும் கூடுதலாகச் சுமந்த பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலியே தரப்பட்டது என்பது இவ்வரலாற்றின் மறக்கலாகாத அநீதி. ஆயினும் லயத்தின் பக்கத்தில் மாரியம்மன் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் எழுந்து வேரூன்றியது இக்குடும்பங்களால்தான்.

1938இல் இந்திய அரசு, பயண உதவிபெற்ற தொழிலாளர் மலாயாவுக்குக் குடியேறுவதைத் தடை செய்தது. 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது, அங்கிருந்த இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அம்மண்ணிலேயே பிறந்தவர்கள்.