பிடியரிசியும் கிருபையும்

புளியங்குடி, சங்கரன்கோவில், சிவகாசி வட்டாரங்களை மிஷனரிகள் வடதிருநெல்வேலி என்று குறிப்பிட்டார்கள். தெற்கே பனங்காட்டு ஊர்களில் சபைகள் பெருகிவிட்ட காலத்திலும் இங்கே அவை அரிதாகவே இருந்தன. 1854-இல் தாமஸ் ராக்லண்ட், டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகியோர் கூடாரங்களோடு ஊர் ஊராகச் சுற்றும் ஊழியத்தை இப்பகுதியில் தொடங்கினார்கள். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் உயர்நிலையில் தேறிய ராக்லண்ட், 1858-இல் சிவகாசியில் காலமானார்.

இவர்களோடு நடந்த உபதேசியார்களை மறந்துவிடக் கூடாது. தெற்குச் சபைகள் அவர்களை முறைவைத்து அனுப்பின. செலவையும் தாங்களே ஏற்றன. அச்சபைகளில் பெரும்பாலோர் பனையேறிப் பிழைத்தவர்கள். வடக்கே சுவிசேஷம் வந்ததில் அந்தக் கருப்பட்டிக் காசுக்கும் பங்குண்டு.

கொடுக்கும் இந்தப் பழக்கம் அதற்கும் முந்தியது. மதம் மாறியதால் குடியிருப்பை இழந்தவர்களுக்கு நிலம் வாங்கித் தர, மிஷனரி ரேனியஸ் 1830-இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். 'தர்மம்' என்ற பெயர் பொருத்தமானது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில், வறுமையிலிருந்த மக்கெதோனியா சபைகள் எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் சேர்த்ததைப் பவுல் பேசுகிறார். அங்கே 'காரிஸ்' என்ற ஒரே கிரேக்கச் சொல் கடவுளின் தயவையும் குறிக்கிறது, மனிதர் தரும் உதவியையும் குறிக்கிறது. தமிழ் வேதாகமம் அதை ஓரிடத்தில் கிருபை என்றும் மற்றோரிடத்தில் தர்மகாரியம் என்றும் பெயர்த்தது. கிருபை விலைக்கு வருவதன்று; பெற்றவர் கை தானே திறக்கிறது என்பதே அந்த அதிகாரத்தின் உட்பொருள்.

திருநெல்வேலிப் பெண்கள் இதை அடுப்படியில் கடைப்பிடித்தார்கள். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். கையில் காசில்லாத வீட்டுக்கும் அரிசியில் ஒரு பிடி உண்டு என்பதே இவ்வழக்கத்தின் வலிமை. இதேபோல, மிசோரத்தில் 1910-இல் தொடங்கிய பிடியரிசி முறை அங்குள்ள சபைகளைத் தாங்கும் பெருவருமானமாக வளர்ந்தது.

இப்படிக் கொடுத்துப் பழகிய திருநெல்வேலி பின்னர் தொலைவுக்கும் ஊழியரை அனுப்பியது. 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற திருநெல்வேலிக்காரர் வே. ச. அசரியா, அங்குள்ள கிறிஸ்தவர்கள் தமிழகக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியர் அனுப்பியதைக் கண்டு மனம் குத்துண்டார். அதன் பயனாக 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியர் பணம், இந்திய ஊழியர், இந்தியர் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அடுத்த ஆண்டே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு முதல் ஊழியர் புறப்பட்டார். 1912-இல் அசரியா அங்கே பேராயரானார்.

திருநெல்வேலிச் சேகரங்களில் ஸ்தோத்திரப் பண்டிகையும் அசனம் என்னும் பொதுவிருந்தும் இன்றும் நடக்கின்றன. காணிக்கையாக வந்த நெல், தேங்காய், காய்கறி, கோழி எல்லாம் ஆலய வளாகத்திலேயே ஏலம் போகும். அசனப் பந்தியில் சபையாரோடு பிற சமயத்தாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரிடமும் காசு வாங்குவதில்லை.